மறு: ஸ்கெட்ச்சரில் வரும் 'கான்ஸ்ட்ரெயின்ட்': கட்டுப்பாடா, தளையா?

அனைவருக்கும் வணக்கம்.

கணினியில் முப்பரிமாணப் பொருள்களை வடிவமைக்கும் ஃப்ரீகேட் மென்பொருளைப் பொழுதுபோக்காகப் பழகுவோருக்கான தமிழ்க் கையேடு, அதில் தட்டையான படம் வரையும் பகுதியான ஸ்கெட்ச்சரின் 'கான்ஸ்ட்ரெயின்ட்' என்ற ஒரு சொல்லில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது. கோடுகள் இப்படித்தான் அமைய வேண்டும் என்று நாம் விதிக்கும் நிபந்தனை அது. கட்டுப்பாடு, வரம்பு, பிணைப்பு, தளை என நான்கு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. என் வாக்கு தளைக்கு.

> நேரியல் திட்டமிடலில் பாடநூல்கள் 'கட்டுப்பாடு' என்றே எழுதுகின்றன. வழக்கில் இருப்பதை விட்டுவிட்டுப் புதிதாகத் தேடுவானேன்?

கணக்குப் பாடத்துக்கு அது சரி. ஒரு மாறி இந்த அளவைத் தாண்டக்கூடாது என்பதே அங்கே பொருள். ஸ்கெட்ச்சரில் நடப்பது வேறு. சுவரில் மாட்டும் கொக்கிக்கு ஓர் அடித்தகடு வரைகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் நான்கு கோடுகளைக் கோணல்மாணலாக இழுத்துப் போடுகிறோம். கோட்டுக்கு இரண்டு முனை, முனைக்கு இரண்டு ஆயத்தொலைவு. ஆக மொத்தம் 16 எண்கள் தம் விருப்பத்துக்கு மாறலாம். நான்கு மூலைகளிலும் முனையோடு முனையைப் பொருத்தினால் 8 குறையும். இரண்டு கோடுகள் கிடைமட்டம், இரண்டு நிலைக்குத்து என்றால் இன்னும் 4. அகலம் 60 மி.மீ., உயரம் 40 மி.மீ. என்று கொடுத்தால் 2. ஒரு மூலையை ஆதிப்புள்ளியில் நிறுத்தியதும் மிச்சமிருந்த இரண்டும் தீர்ந்து, இனி எதுவும் தானாக நகராது என்பதற்கு அடையாளமாகக் கோடுகள் பச்சையாகிவிடும். பிறகு 60-ஐ 62 ஆக்கினால் போதும். படம் தானே சரிசெய்துகொள்ளும்.

மூலையைப் பொருத்தியபோது எது எதைக் கட்டுப்படுத்தியது? ஒரு கோட்டின் முடிவும் அடுத்த கோட்டின் தொடக்கமும் எப்படிச் சேர வேண்டும் என்ற உறவு அல்லவா அது? நின்ற சீரின் ஈற்றசையும் வரும் சீரின் முதலசையும் சேரும் உறவுக்கு யாப்பில் வைத்த பெயர் தளை. மாமுன் நிரை, விளமுன் நேர் என்று வெண்பா கேட்பதைப் போலத்தான் ஸ்கெட்ச்சரும் கேட்கிறது. தவிர, திரையில் தெரியும் பொத்தான், பட்டியல் எல்லாவற்றையும் 'கட்டுப்பாடுகள்' என்று ஏற்கெனவே மொழிபெயர்த்து வைத்திருக்கிறோம். அந்தச் சொல்லின் முதுகில் இன்னொரு மூட்டையை ஏற்ற வேண்டாம்.

> தளை என்றால் விலங்கு. அடிமைத்தளைதானே முதலில் நினைவுக்கு வரும்?

மேடைத் தமிழில் வரும். 'மூன்றாம் அடியில் தளை தட்டுகிறது' என்று வெண்பா எழுதுபவர் சொல்லும்போது எவருக்கும் கைவிலங்கு நினைவுக்கு வருவதில்லை. இந்தச் சொல் தன் குடும்பத்தையும் உடன் அழைத்துவருவதுதான் எனக்குப் பெரிய கவர்ச்சி. கிடைமட்டம், இணை போன்றவை வடிவத்தளை; 60 மி.மீ. என்பது அளவுத்தளை. மேலே சொன்ன தகட்டில் எதிரெதிர்ப் பக்கங்கள் சமம் என்று கூடுதலாக ஒன்றைச் சேர்த்தால் அது பொய்யில்லை, ஆனால் தேவையுமில்லை: மிகைத்தளை. கீழ்ப்பக்கம் 60 ஆக இருக்க, மேல்பக்கத்துக்கு 58 என்று எழுதினால் தளைமுரண். மென்பொருள் இவ்விரண்டையும் தனித்தனியாகத்தான் எச்சரிக்கிறது. 'கட்டுப்பாடு மிகைப்பட்டது' என்று எழுதினால் படிப்பவர் எதையோ தளர்த்தச் சொல்கிறார்கள் என்று நினைப்பார்.

பிணைப்பு நல்ல சொல்தான், ஆனால் வேதியியல் அதை எடுத்துக்கொண்டுவிட்டது. 2024 நவம்பரில் வந்த ஃப்ரீகேட் 1.0 பதிப்பின் அசெம்பிளி பணிமேடையில், உறுப்புகளை ஒன்றோடொன்று மாட்டும் 'ஜாயின்ட்' வேறு இருக்கிறது. அதற்கு மூட்டு என்று வைத்து, இதைத் தளை என்றால் இரண்டும் மோதாது. வரம்பைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

ஒரு பொத்தானுக்குப் பெயர் தேட இவ்வளவு பேச்சா என்று ஒருவர் சலித்துக்கொண்டார். 1963-இல் ஐவன் சதர்லாந்து உருவாக்கிய, கணினித் திரையில் வரையும் ஸ்கெட்ச்பேட் நிரலிலேயே இருந்த கருத்து இது. சால்வ்ஸ்பேஸ் என்ற இன்னொரு வடிவமைப்பு மென்பொருளிலும் இதுதான் அடிப்படை. ஒருமுறை நன்றாகப் பெயர் வைத்தால் எல்லாவற்றுக்கும் ஆகும்.

அவசரமாகத் தீர்க்க வேண்டியது இன்னொன்று. வரைவின் நிமிர்ந்த அச்சுக்கு இணையாக நிற்பதையும், இரண்டு கோடுகள் செங்கோணத்தில் சந்திப்பதையும் நாம் 'செங்குத்து' என்றே எழுதுகிறோம். ஸ்கெட்ச்சரில் இவை வேறுவேறு பொத்தான்கள். முன்னதற்கு ஒரு கோடு போதும், பின்னதற்கு இரண்டு கோடுகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் புதிதாகப் பழகுபவர் தவறான பொத்தானை அழுத்திவிட்டு, ஏன் வேலை செய்யவில்லை என்று விழிப்பார். முன்னதை நிலைக்குத்து என்றும் பின்னதைச் செங்குத்து என்றும் உறுதியாகப் பிரித்துவிடலாம். இதில் யாருக்கும் மறுப்பிருக்காது என்று நம்புகிறேன்.

மிச்சமிருப்பது, இன்னும் எத்தனை எண்கள் கட்டின்றி நிற்கின்றன என்று காட்டும் வரி. இயற்பியல் பாடநூலின் 'சுதந்திர இயக்கக்கூறுகள்' அந்தச் சிறிய பெட்டியில் அடங்காது. 'தளையாதவை: 4' என்று போட்டுப் பார்த்தேன், பொருள் சரி, ஓசைதான் உறுத்துகிறது. இதைவிட நல்லதாக ஏதேனும் தோன்றினால் எழுதுங்கள். அதுவரை கையேட்டில் அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன்.

அன்புடன்.