திருப்பாதிரிப்புலியூர் வண்டி வந்தால் 192 கோடி கிலோ: தப்பு யார் மேல்?

மஞ்சக்குப்பம் எம்பெடட்:
பண்ருட்டி ரோட்டில் ஒரு வே பிரிட்ஜ், அதாவது லாரி எடை போடும் மேடை. பலா, முந்திரி லோடு ஏறும் இடம். காலி வண்டி எடை திடீர் திடீரென்று 192 கோடி கிலோ காட்டுகிறது என்று கூப்பிட்டார்கள். லோட் செல் (எடையை உணரும் சென்சார்), கேபிள், எர்த்திங் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. பில் போடும் பையன்தான் பிடித்தான்: "சார், திருப்பாதிரிப்புலியூர் வண்டின்னாதான் இப்படி."

சி மொழியில் எழுதிய அதன் கோடைத் திறந்தால் ஊர்ப் பெயருக்கு 16 பைட் (ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்), அடுத்த 4 பைட்டில் காலி வண்டி எடை. கடலூர், நெய்வேலி, விருத்தாசலம் எல்லாம் அடங்கிவிடும். இந்த ஊர், அந்தப் பையன் ஆங்கிலத்தில் அடிக்கிற ஸ்பெல்லிங்கில் 20 எழுத்து. எழுத்துகளைக் காப்பி செய்கிற சி ஃபங்ஷனான ஸ்டிர்காபி நீளம் பார்க்காது. மிச்ச நாலு எழுத்தும் எடை மேல் ஏறி உட்கார்ந்துவிட்டன. அவற்றின் ஆஸ்கி மதிப்பை (கம்ப்யூட்டரில் ஒவ்வொரு எழுத்துக்கும் உள்ள எண்) ஒரே எண்ணாகப் படித்தால் வருவதுதான் அந்த 192 கோடி.

எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார். மேனேஜர் சொன்னது: "சி-யைக் குறை சொல்லாதீங்க, எழுதினவன் கவனமா இருந்திருக்கணும். இப்போதைக்குப் பையனை டி.பி.புலியூர்னு அடிக்கச் சொல்லுங்க." ஆக, பொறுப்பு கடைசியில் பில் போடுகிறவன் தலையில்!

1988-ல் இணையத்தில் தானாகப் பரவிய மோரிஸ் வார்ம் என்ற புரோகிராம் புகுந்த வழிகளில் ஒன்று, இதேபோல நீளம் பார்க்காத கெட்ஸ் என்ற சி ஃபங்ஷன். அதை சி தரத்திலிருந்து தூக்கியதே 2011-ல்தான். அதுவரை எல்லாருக்கும் கிடைத்தது கவனமாக இருங்கள் என்ற அறிவுரை.

லாஸ்பேட்டை ரஸ்ட்:
அண்ணா, நான் எதிர்ப்பக்கம் பார்த்தவன். இந்த மாதிரி மெமரி தப்பைத் தடுக்கவே வந்த மொழி ரஸ்ட். அதில் எழுதிய ஒரு புராஜெக்டில் கம்பைலர் விடாமல் திட்டுகிறதென்று, அது சோதிக்கிற ரெஃபரன்ஸ் எல்லாவற்றையும் அது சோதிக்காத ரா பாயின்டராக்கி, ஃபைல் முழுக்க அன்சேஃப் (இங்கே பொறுப்பு என்னுடையது என்று கம்பைலருக்குச் சொல்லும் குறிச்சொல்) போட்டு வைத்திருந்தார்கள். பெயருக்கு ரஸ்ட், அவ்வளவுதான்.

1996-ல் வெடித்த ஏரியன் 5 ராக்கெட்டை நினைத்துப் பாருங்கள். கோடு ஏடா என்ற மொழியில், அன்றைக்கு அதைவிடக் கறாரான மொழி அபூர்வம். 64 பிட் எண் ஒன்று 16 பிட்டில் அடங்கவில்லை. பிராசசர் சுமையைக் குறைக்க, அந்த இடத்தில் பாதுகாப்பு போடாமல் விட்டது மனிதர்கள்தானே? ஏரியன் 4-க்கு எழுதியதை அப்படியே தூக்கி வைத்ததும் அவர்கள்தான்.

மஞ்சக்குப்பம் எம்பெடட்:
சரிதான் தம்பி. ஆனால் ஒரு வித்தியாசம். நீங்கள் சொன்ன இரண்டிலும் யாரோ தெரிந்தே முடிவெடுத்தார்கள், ரஸ்ட்டில் அன்சேஃப் என்று தேடினால் அது கையில் சிக்கும். என் கோடில் யாரும் எந்த முடிவும் எடுக்கவில்லை, சும்மா ஒரு வரி எழுதினார்கள். ஆண்ட்ராய்டின் பாதுகாப்பு ஓட்டைகளில் மெமரி தொடர்பானவை 2019-ல் 76 சதவீதம், 2024-ல் 24. புதுக் கோடை ரஸ்ட் மாதிரி மொழிகளில் எழுதத் தொடங்கியதே முக்கியக் காரணம் என்கிறது கூகுள். அங்கே மட்டும் திடீரென்று எல்லாருக்கும் கவனம் கூடிவிட்டதா என்ன?

எங்கள் ஓனர் ரஸ்ட்டில் திருப்பி எழுதக் காசு தரமாட்டார். அதனால் ஹெடர் ஃபைலில் ஜிசிசி கம்பைலரின் பாய்சன் பிராக்மா (ஒரு பெயரையே தடை செய்கிற கட்டளை) ஒரு வரி சேர்த்தேன். இனி யார் ஸ்டிர்காபி எழுதினாலும் கம்பைல் ஆகாது. அந்த வரியை எடுக்க நினைப்பவர் ரிவ்யூவில் எல்லார் முன்னும் காரணம் சொல்லட்டும்.