நெஃப்தியா தனிப் பேரினம்தான். தாங்கு கற்றைக்கு யார் பதில் சொல்வது?

முள்நுணுக்கி:
ஒரு மென்பவளப் படத்துக்குக் கீழே வரிசைமாறன் தீர்ப்பு எழுதியிருக்கிறார்: "நெஃப்தியா என்ற பேரினமே இப்போது கிடையாது, எல்லாம் லித்தோஃபைட்டான், 2016-லேயே முடிந்த கதை." படித்ததிலிருந்து எரிச்சல் தாங்கவில்லை. யார் முடித்தது? நெஃப்தியாவின் ஒவ்வொரு பாலிப்பையும், அதாவது பவளக் கூட்டத்தின் ஒவ்வொரு குட்டி உயிரையும், நீளமான சுண்ணாம்பு முட்கள் ஒன்றுசேர்ந்து பின்னாலிருந்து தாங்கிப் பிடிக்கின்றன. அதுதான் தாங்கு கற்றை. லித்தோஃபைட்டானில் அது இல்லை, இருந்தாலும் பேருக்குத்தான். தலைமுறை தலைமுறையாக இதை வைத்துத்தான் பிரித்தார்கள். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துப் பார்த்தவர் யாரும் இதை இல்லையென்று சொல்ல மாட்டார். ஒரே ஒரு கட்டுரையின் தலைப்பைப் படித்துவிட்டு ஒரு பேரினத்தையே புதைப்பது என்ன துணிச்சல்?

வரிசைமாறன்:
அந்த ஒருவர் நான்தான், பெயரைச் சொல்லியே திட்டியதில் மகிழ்ச்சி. தலைப்பை மட்டும் படித்தேன் என்று எப்படித் தெரியும்? வகைப்பாட்டு ஆய்வாளர் வான் ஆஃப்வேகன் 2016-ல் செங்கடல், மேற்கு இந்தியப் பெருங்கடல் மாதிரிகளை எல்லாம் திரும்பப் பார்த்துத்தான் நெஃப்தியாவை லித்தோஃபைட்டானுக்குள் சேர்த்தார். லித்தோஃபைட்டான் ஃபோர்ஸ்கால் வைத்த பெயர், 1775. நெஃப்தியா ஓத்வான் வைத்தது, 1826. இரண்டும் ஒன்று என்றால் மூத்த பெயர்தான் நிற்கும், விலங்குப் பெயரிடல் விதித்தொகுப்பின் அடிப்படையே அதுதான். இதில் உணர்ச்சிவசப்பட என்ன இருக்கிறது?

முள்நுணுக்கி:
"இரண்டும் ஒன்று என்றால்." அந்த "என்றால்"-ஐ யார் நிரூபித்தது என்றுதான் கேட்கிறேன்! எந்தப் பெயர் மூத்தது என்பது அப்புறம் வருகிற கேள்வி. விதித்தொகுப்பு எது தனிப் பேரினம், எது இல்லை என்று சொல்வதே இல்லை, அது ஆய்வாளரின் முடிவு. நீங்கள் ஆண்டுகளைக் காட்டி முள்ளை மறைக்கிறீர்கள். தாங்கு கற்றை இருக்கிறதா, இல்லையா? ஒரு வரியில் பதில் சொல்லுங்கள்.

ஆழிமகள்:
ஒரு வரியில் சொல்கிறேன்: கொஞ்சம் இருக்கிறது. அதுதான் சிக்கலே. பழைய விவரிப்புகளை எடுத்துப் பாருங்கள், நெஃப்தியா என்று வைத்த இனங்களிலேயே ஒன்றுக்குக் கற்றை வலுவானது, இன்னொன்றுக்கு நடுத்தரம், வேறொன்றுக்கு மெலிந்தது என்றுதான் எழுதியிருப்பார்கள். வலுவிலிருந்து இல்லாமை வரை படிப்படியாக இறங்குகிற ஒரு அடையாளத்தில் எந்தப் படியில் கோடு போடுவீர்கள்? நீங்களே "இருந்தாலும் பேருக்குத்தான்" என்று எழுதிவிட்டீர்கள். அப்படியென்றால் லித்தோஃபைட்டானிலும் கற்றை உண்டு என்று ஒப்புக்கொண்டீர்கள்தானே?

முள்நுணுக்கி:
ஒப்புக்கொள்ளவில்லை. "இருந்தாலும்" என்றால் இருக்கிறது என்று பொருளா? நான் சொன்னது முழுசாக வளராத, பாலிப்பைத் தாங்காத நாலு முள்ளைப் பற்றி. தாங்காத முள் தாங்கு கற்றை ஆகாது. இதைக்கூட விளக்க வேண்டியிருக்கிறது!

வரிசைமாறன்:
ஓ, இப்போது முள் இருந்தால் போதாது, அது தாங்கவும் வேண்டும். அடுத்து எத்தனை கிராம் தாங்க வேண்டும் என்று கேட்கலாமா?

முள்நுணுக்கி:
கிண்டல் பண்ணத்தான் தெரியும் உங்களுக்கு. மென்பவளங்கள் இருந்த ஆல்சியோனேசியா என்ற பழைய வரிசை பற்றிய விவாதத்திலும் இதைத்தான் செய்தீர்கள், நான் மறக்கவில்லை.

வரிசைமாறன்:
நானும் மறக்கவில்லை. 2022-ல் மெக்ஃபாடன், வான் ஆஃப்வேகன், குவாட்ரினி மூவரும் ஆல்சியோனேசியாவைக் கைவிட்டு, மென்பவளங்கள் உட்பட்ட எட்டுக் கைப் பவளங்களை மலகால்சியோனேசியா, ஸ்கிளரால்சியோனேசியா என்று இரண்டு வரிசைகளாகப் பிரித்தபோது, இதெல்லாம் ஒரு வருஷம்கூட நிற்காது என்று எழுதியவர் நீங்கள். நிற்கிறதே? கடல் பேனாக்களுக்கு இருந்த தனி வரிசையும் போய் அவை ஸ்கிளரால்சியோனேசியாவுக்குள் வந்துவிட்டன. அதற்கும் ஒரு மாதம் ஒப்பாரி வைத்தீர்கள்.

முள்நுணுக்கி:
ஒப்பாரி இல்லை, கேள்வி. கேள்வி கேட்டால் ஒப்பாரி என்பது உங்கள் பழக்கம். அந்த ஆய்வு நூற்றுக்கணக்கான மரபணுப் பகுதிகளைப் பார்த்தது, அதில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இங்கே பேரினங்களைப் பற்றிப் பேசுகிறோம். பல வருஷங்களாக இவர்கள் சாய்ந்திருந்தது மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் மட்எஸ் மரபணு மேல். எட்டுக் கைப் பவளங்களின் மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏ எவ்வளவு மெதுவாக மாறுகிறது என்று ஆழிமகளுக்குத் தெரியாதா? மற்ற விலங்குகளில் இனத்தைக் காட்டிக்கொடுக்கும் சிஓஐ என்ற மரபணுப் பட்டைக்குறி இங்கே ஒரே பேரினத்தின் பல இனங்களுக்கு அச்சு அசலாக ஒன்றாகவே வருகிறது. அது வேறுபாட்டைக் காட்டவில்லை என்பதற்காக வேறுபாடே இல்லை என்று எப்படிச் சொல்வது? முள் காட்டுகிறதே! கற்றை காட்டுகிறதே!

ஆழிமகள்:
மெதுவாக மாறுகிறது, உண்மை. அந்த மட்எஸ்தான் பிழைகளைத் திருத்துவதால் இப்படி என்றும் கருதுகிறார்கள். ஆனால் அது உங்கள் வாதத்துக்கு உதவாது ஐயா. மெதுவாக மாறும் மரபணு நெருங்கிய இனங்களைப் பிரிக்கத் திணறும், அதனால்தான் உயிரணுவின் உட்கருவிலிருக்கும் 28எஸ் என்ற டிஎன்ஏ பகுதியையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். அதிலும் உங்கள் பேரினங்கள் தனித்தனியாக விழ வேண்டுமே? சார்கோஃபைட்டான், லோபோஃபைட்டம் என்ற வேறு இரண்டு மென்பவளப் பேரினங்களைப் பாருங்கள். 2006-ல் மட்எஸ் வைத்துப் பார்த்தபோது இரண்டுக்கும் தனித்தனிக் கிளை வந்தது, கூடவே இரண்டின் இனங்களும் கலந்த மூன்றாவது கிளையும் வந்தது. மெதுவான மரபணுதான் அதைக் கண்டுபிடித்தது.

முள்நுணுக்கி:
சார்கோஃபைட்டானை ஏன் இழுக்கிறீர்கள்? அதில் தாங்கு கற்றை என்ற பேச்சே கிடையாது. நான் நெஃப்தியாவைக் கேட்டால் வேறு குடும்பத்துக்கு ஓடுகிறீர்கள்.

தொட்டிக்காரன்:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் எல்லாரும் இன்னும் நெஃப்தியா என்றுதான் சொல்கிறோம், விற்பவர்களும் அப்படியே. என்னிடம் பச்சை நிறத்தில் ஒன்று இருக்கிறது, கிளை கிளையாக மரம் மாதிரி. படம் போடுகிறேன், அது எது என்று சொல்லிவிடுங்களேன்?

முள்நுணுக்கி:
படத்தை வைத்து யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஒரு துணுக்கை வெட்டி, ப்ளீச்சில் சதையைக் கரைத்து, மிஞ்சும் முட்களைப் பார்க்க வேண்டும். நிறம், கிளை எல்லாம் வீண்.

வரிசைமாறன்:
ப்ளீச்சில் கரைத்தால் முட்கள் உதிரியாகத்தான் மிஞ்சும், கற்றை கலைந்துபோகும். அப்புறம் எதைப் பார்ப்பீர்கள்? கரைப்பதற்கு முன்பே பாலிப்பை அப்படியே வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டாமா? கற்றை கற்றை என்று தொண்டை கிழியக் கத்துகிறவர் அதைப் பார்க்கும் முறையையே அரைகுறையாகச் சொல்கிறார்.

முள்நுணுக்கி:
இரண்டும் செய்ய வேண்டும் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும் என்று விட்டேன். உங்களுக்குத் தனியாக எழுத வேண்டும் என்று தெரியவில்லை.

நீலவேணி:
எனக்கு வேறொரு கவலை. மென்பவளங்களிலிருந்து வேதிப்பொருள் பிரிப்பவர்களின் கட்டுரைகளில் நெஃப்தியா என்ற பெயர் கொட்டிக் கிடக்கிறது. இவ்வளவு புழக்கத்தில் இருக்கும் பெயரைக் காப்பாற்ற விதி இல்லையா?

வரிசைமாறன்:
இருக்கிறது, விதித்தொகுப்பின் 23.9-ஆம் பிரிவு. இளைய பெயரைக் கடந்த 50 ஆண்டுகளில் குறைந்தது 10 ஆசிரியர்கள் 25 படைப்புகளில் பயன்படுத்தியிருக்க வேண்டும், அவை 10 ஆண்டுக்குக் குறையாமல் பரவியிருக்க வேண்டும். ஆனால் மூத்த பெயரை 1899-க்குப் பிறகு யாருமே செல்லும் பெயராகப் பயன்படுத்தியிருக்கக் கூடாது. லித்தோஃபைட்டானை எல்லாரும் பயன்படுத்தினார்கள், முள்நுணுக்கி உட்பட. கதவு அங்கேயே மூடிவிட்டது.

முள்நுணுக்கி:
அந்த மூத்த பெயருக்கு என்ன பெரிய பெருமை? ஃபோர்ஸ்கால் 1763-லேயே ஏமனில் இறந்துவிட்டார், அதே ஆய்வுப் பயணத்தில் அவரோடு போய் உயிரோடு திரும்பிய நீபூர்தான் குறிப்புகளை 1775-ல் அச்சுக்குக் கொண்டுவந்தார். முட்களை வைத்துப் பவளம் பிரிப்பதெல்லாம் அந்தக் காலத்தில் கிடையாது.

நீலவேணி:
இறந்தவரின் உழைப்பை இப்படிப் பேசாதீர்கள். நெஃப்தியாவும் அப்படித்தானே? எகிப்து விலங்குகளின் படங்களை வரைய வைத்த ஆய்வாளர் சாவிஞிக்குக் கண் கெட்டுப்போனதால் ஓத்வான் விளக்கம் எழுதினார். ஒருவருடைய வேலைக்கு இன்னொருவர் பெயர் போட்டுக்கொண்டது அங்கேதான்.

வரிசைமாறன்:
ஓத்வானைத் திருடன் ஆக்காதீர்கள், அவரிடம் பணியை ஒப்படைத்தார்கள். விதிப்படி எழுதியவர்தான் ஆசிரியர்.

நீலவேணி:
திருடன் என்று நான் எங்கே எழுதினேன்? காட்டுங்கள்.

தொட்டிக்காரன்:
சரி, என் தொட்டியில் இருப்பதற்குப் பெயர்ச்சீட்டில் என்ன எழுதுவது?

வரிசைமாறன்:
லித்தோஃபைட்டான்.

முள்நுணுக்கி:
நெஃப்தியா என்றே எழுதுங்கள். பாலிப்பில் தாங்கு கற்றை இருந்தால் மட்டும்.

ஆழிமகள்:
எவ்வளவு இருந்தால்? இதோடு இரண்டாவது முறை கேட்கிறேன்.

முள்நுணுக்கி:
தாங்குகிற அளவுக்கு. நானும் ஆரம்பத்திலிருந்து அதையேதான் சொல்கிறேன். நீலவேணி கேட்டதற்கு வரிசைமாறன் இன்னும் பதில் தரவில்லை, கவனித்தீர்களா?