ஷவுவோத் இரவும் பகலும்: நீங்கள் நேரில் கண்டது என்ன? (அனுபவப் பகிர்வு)

கார்மேல்வாசி:
ஜெருசலேம், ஷவுவோத் இரவு. சீனாய் மலையில் கடவுள் தோராவை, அதாவது யூத வேதத்தை, தந்ததை நினைவுகூரும் யூதப் பண்டிகை இது. விடிய விடிய தோரா படிப்பு நடக்கும் என்பது இங்கிருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். எனக்கு அதில் நாட்டமில்லை. விடுதியில் தூக்கம் பிடிக்காமல் நான்கு மணிக்கு முன்பே தெருவில் இறங்கிவிட்டேன். யாஃபோ சாலையில் டிராம் கிடையாது. தண்டவாளத்தின் மேலேயே கூட்டம் பழைய யூத ஆலயத்தின் எஞ்சிய மேற்குச் சுவரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் ஒருவர் சின்னப் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். பையன் அயர்ந்து தூங்குகிறான். ஒரு காலில் செருப்பில்லை. அவரோ அவன் காதில் ஏதோ பாடம் சொல்லிக்கொண்டே போகிறார். "தூங்குகிறானே" என்றேன். "சீனாய் மலையடியில் பிறக்காத ஆத்மாக்களே நின்று கேட்டிருக்கின்றன. தூங்குகிறவனுக்கு என்ன?" என்றார், திரும்பிக்கூடப் பார்க்காமல். கட்டளை இறங்கிய காலையில் முன்னோர்கள் தூங்கிப்போனார்கள், அந்தக் குறையைத் தீர்க்கத்தான் கண்விழிப்பு என்றும் சொல்கிறார்களே! இரண்டும் எப்படிப் பொருந்தும்? எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

இரவுப்பணி:
நான் முதியவர்களைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். நான் பார்த்துக்கொள்ளும் பாட்டியை சவ்தா (எபிரேயத்தில் பாட்டி) என்றே கூப்பிடுவேன். அவருக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது, சக்கர நாற்காலிதான். ஷவுவோத் காலையில் ஜெப ஆலயத்துக்கு அழைத்துப் போனேன். பெண்கள் பகுதியில், மரத் தட்டிக்குப் பின்னால் இடம். பத்துக் கட்டளைகளை வாசிக்கத் தொடங்கியதும் எல்லோரும் எழுந்தார்கள். சவ்தாவும் நாற்காலியின் கைப்பிடியைப் பற்றி எழப் பார்த்தார். "வேண்டாம் சவ்தா, உட்காருங்கள்" என்றேன். "மலை தலைக்கு மேலே நிற்கிறது, உட்காரச் சொல்கிறாயா?" என்று சீறினார். அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். வாசிப்பு முடியும்வரை அவருடைய முழு எடையும் என் தோளில். முழங்கால்கள் நடுங்கின, வாய் மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. மலையைக் கவிழ்த்த பீப்பாய்போல மேலே நிறுத்தி, ஏற்றால் பிழைப்பீர்கள் என்று கடவுள் சொன்ன கதை தல்மூத் என்ற யூத மரபு நூலில் இருப்பதை அவர் மகள் பிறகு சொன்னார். பயமா பக்தியா என்று சவ்தாவிடம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

வயற்காடு:
நண்பர்களே, சீனாய் சீனாய் என்கிறீர்கள். லேவியராகமம் 23-ஐ எடுத்துப் பாருங்கள். அறுவடை இருக்கிறது, புளித்த மாவில் சுட்ட இரண்டு அப்பங்கள் இருக்கின்றன, சீனாய் எங்கே? பண்டிகைக்கு ஒரு தேதிகூட அங்கே இல்லை, ஐம்பது நாள் எண்ணச் சொல்வதோடு சரி. கி.பி. 70-இல் ஜெருசலேம் ஆலயம் இடிந்த பிறகு முதல் விளைச்சலான முதற்பலனைக் கொண்டுபோக இடமில்லை. சீனாயின் நினைவு முன்னுக்கு வந்தது அதன் பிறகுதான். யெஸ்ரயேல் பள்ளத்தாக்கில் ஒரு கிப்புத்ஸில் (கூட்டுப் பண்ணைக் குடியிருப்பில்) நான் பார்த்ததைச் சொல்கிறேன். டிராக்டர் வண்டியில் வைக்கோல் பொதிகள், அவற்றின் மேல் அந்த ஆண்டு பிறந்த குழந்தைகளோடு தாய்மார்கள். ஒரு குழந்தை தலையில் இருந்த பூவளையத்தைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தது. ஜெபம் ஒன்றும் இல்லை. அதுதான் ஷவுவோத்.

பழைய மாணவன்:
வயற்காடு அவர்களே, நீங்கள் பார்த்த ஊர்வலம் இருபதாம் நூற்றாண்டில் உருவான வழக்கம். கண்விழிப்பு 16-ஆம் நூற்றாண்டிலேயே யோசேப் காரோ, ஷ்லோமோ அல்காபெத்ஸ் என்ற யூத அறிஞர்களின் வட்டத்தில் இருந்தது. சஃபேத் நகரத்துக் கபாலாவாதிகள் (யூத மறைஞானிகள்) அதைப் பரப்பினார்கள். பழமைதான் அளவுகோல் என்றால் உங்கள் டிராக்டர் கடைசியில் நிற்கும்.

என் அனுபவம் சிறியது. கிறிஸ்தவர்களின் பெந்தெகொஸ்தே ஞாயிறு ஆராதனையில் வளர்ந்தவன் நான். இங்கே ஷவுவோத்தன்று ரூத் புத்தகம் வாசிக்கும்போது, யூத மார்க்கத்துக்கு மாறிவந்த ஒரு பெண்மணி, "உம்முடைய ஜனம் என்னுடைய ஜனம்" என்ற இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டார். மோவாபியர் சபைக்கு உட்படலாகாது என்று உபாகமம் சொல்கிறது. ஆனால் மோவாபியப் பெண்ணான ரூத்தின் கொள்ளுப்பேரன்தான் தாவீது அரசர். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

போக நினைப்பவர்கள் கவனிக்க: பண்டிகை யூத நாள்காட்டியின் சீவான் மாதம் 6-ஆம் நாள், மே அல்லது ஜூனில் வரும்; முந்தின மாலையே தொடங்கிவிடும். பஸ் ஓடாது. சுவரருகே படம் எடுக்கக் கூடாது, கைபேசியைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வசதியான செருப்பு அணியுங்கள். தண்ணீர் எடுத்துப் போங்கள். மதியம் தூங்கிவிட்டுப் போங்கள். விருந்துக்கு அழைத்தால் இறைச்சியை எதிர்பார்க்காதீர்கள், பால் பண்டங்கள்தான் அதிகம் இருக்கும். சீஸ் கேக்கை முதல் வீட்டிலேயே வயிறு முட்டத் தின்றுவிடாதீர்கள், அடுத்த வீட்டிலும் அதுதான் காத்திருக்கும். நள்ளிரவுக்குப் பிறகு காபி குடித்தால் மறுநாள் தலைவலி நிச்சயம்.

வயற்காடு:
காபி இருக்கட்டும். அந்த ஐம்பது நாள் கணக்கான ஓமேர் எண்ணிக்கை, எகிப்திலிருந்து விடுதலையானதை நினைவுகூரும் பஸ்காவின்போது வாற்கோதுமைக் கட்டில் தொடங்கி, 49 நாள் கடந்து கோதுமை அப்பத்தில் முடிகிறது. வயலை விட்டுவிட்டு இதற்கு யாராவது பதில் சொல்லுங்கள் பார்ப்போம்.

இரவுப்பணி:
சவ்தாவும் தினமும் மாலையில் எண்ணுவார், ஐயா. கோதுமையைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. எகிப்தை விட்டுக் கிளம்பியவர்கள் வழியில் இருக்கிறார்கள், இன்னும் போய்ச் சேரவில்லை என்பார்.