டிஃபோ வரைய இடம் வேணும் மச்சான்ஸ்!

மக்களே, நேரு ஸ்டேடியத்துல நம்ம ஃபுட்பால் டீம் சென்னையின் எஃப்.சி.யோட அடுத்த ஹோம் மேட்ச்சுல டிஃபோ (ரசிகர்கள் கேலரியில சேர்ந்து தூக்குற ராட்சத பேனர்) தூக்கப் போறோம். 40-க்கு 30 அடி. காடா துணி தைச்சாச்சு. விரிச்சு பெயிண்ட் அடிக்கத்தான் இடமில்லை. போன தடவை மொட்டை மாடியில மடிச்சு மடிச்சு அடிச்சதுல, நாம ஜெயிச்ச 2015 ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கப் குடம் சைஸ்லயும் 2018 கப் டம்ளர் சைஸ்லயும் வந்துச்சு! பெரியமேடு, புரசைவாக்கம் பக்கம் மண்டபமோ ஷெட்டோ ரெண்டு ராத்திரிக்குக் கிடைக்குமா? வாடகை தர்றோம்.

இன்னொண்ணு. கொச்சியிலேர்ந்து மாமா பையன் கேரளா பிளாஸ்டர்ஸ் டீமோட மஞ்சள் ஜெர்சியில மேட்ச் பார்க்க வர்றான். ஐரோப்பாவுல யூஃபா (ஐரோப்பிய ஃபுட்பால் சங்கம்) நடத்துற கிளப் போட்டிகள்ல வெளியூர் ரசிகர்களுக்குக் குறைஞ்சது 5 சதவீத சீட் தனியா ஒதுக்கணும்னு விதியே இருக்கு. இங்க அவே ஸ்டாண்டுக்கு எந்த கேட்? டிக்கெட் தனியா எடுக்கணுமா? போனவங்க சொல்லுங்க. என் பக்கத்துல உட்கார வெச்சா ரெண்டு பேருக்கும் சேர்த்து திட்டு விழும்.