'மிஸ்டர் வோர்ஃப், ஃபயர்': அந்த ஒரு 'தொடரும்' உருவான விதம்

என்டர்பிரைஸ் என்ற விண்கப்பலின் கதையைச் சொல்லும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் 'ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்'. அதன் மூன்றாம் சீசனின் 26-வது, கடைசி எபிசோட் 'தி பெஸ்ட் ஆஃப் போத் வேர்ல்ட்ஸ்'. அமெரிக்காவில் 1990 ஜூன் 18-இல் வந்தது. இரண்டாம் பாகம் செப்டம்பர் 24-இல். நடுவே சரியாக 14 வாரம்.

கப்பலின் கேப்டன் பிகார்டை, போர்க் என்ற பாதி இயந்திரமான எதிரிக் கூட்டம் பிடித்துப்போனதுதான் அந்த முடிவின் பலம் என்று நிறையப் பேர் சொல்வார்கள். அது பாதிதான். எபிசோட் முழுக்க அடிபடுவது பிகார்டுக்கு அடுத்த நிலை அதிகாரி ரைக்கர். மூன்றாவது முறையாகக் கப்பல் தலைமை அவரைத் தேடி வருகிறது. முன்பு டிரேக், ஏரிஸ், இப்போது மெல்பர்ன். அவர் தட்டிக்கழிக்கிறார். பெரிய முடிவெடுக்க முடியாவிட்டால் எடுப்பவருக்கு இடம் விடுங்கள் என்று, அவர் பதவிக்குக் குறிவைக்கும் அதிகாரி ஷெல்பி முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுகிறார். கடைசி நிமிடத்தில் அந்தப் பெரிய முடிவு வருகிறது: சொந்த கேப்டன் இருக்கும் கப்பலைச் சுட வேண்டும். கேமரா ரைக்கர் முகத்தில் நிற்கிறது, ஆயுதப் பொறுப்பாளர் வோர்ஃபுக்கு 'ஃபயர்' என்று உத்தரவு வருகிறது, திரையில் 'தொடரும்'. சுட்டது பலித்ததா என்பதைக் காட்டாமல் நிறுத்தியது சாமர்த்தியம்தான். ஆனால் ரைக்கரின் கதை 'ஃபயர்' என்ற அந்த ஒரு சொல்லோடு முடிந்தேவிட்டது, அதனால்தான் பார்ப்பவருக்கு ஏமாற்றிவிட்டார்கள் என்று தோன்றவில்லை.

எழுதிய மைக்கேல் பில்லர் அந்தச் சீசனில்தான் எழுத்துக்குழுத் தலைமைக்கு வந்தவர். ஓராண்டோடு கிளம்பிவிடலாமா என்ற ஊசலாட்டத்தில் எழுதியது இது. போவதா இருப்பதா என்ற ரைக்கரின் கேள்வி தன்னுடையதே என்று பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார். முதல் பாகம் எழுதியபோது இரண்டாம் பாகத்துக்கான விடை அவர் கையில் இல்லை.

* * *

அதற்கு முன் அவர் தீர்க்கவேண்டியிருந்த சிக்கல் ஒன்று உண்டு. 1989-இல் 'க்யூ ஹூ' எபிசோடில் போர்க் முதன்முதலாக வந்தபோது அவர்களுக்கு முகமே கிடையாது. (தமிழில் எழுதினால் 'போர்' என்றே கண்ணில் படுகிறது, பொருத்தம்தான்.) மிரட்டுவதற்கு அது போதும், நாடகத்துக்குப் போதாது. பேசாத கூட்டத்தோடு கதாநாயகன் எத்தனை காட்சி மோதுவான்? அவர்களுக்கு வாயாக ஒருவன் வேண்டும். அந்த வாய் நமக்குப் பழக்கமானதாகவே இருந்தால்? அப்படி வந்ததுதான் லொக்யூட்டஸ், போர்க் தங்களில் ஒருவனாக மாற்றிய பிகார்ட். லத்தீனில் 'பேசியவன்' என்று பொருள்.

இதே ஏற்பாடு இரண்டாம் பாகத்துக்கும் இரண்டு வழியைத் திறந்துவிட்டது. பிகார்டுக்குத் தெரிந்ததெல்லாம் போர்க்குக்கும் தெரியும், ஆகவே ரைக்கர் சுட்ட டிஃப்ளெக்டர் ஆயுதம் பலிக்கவில்லை. அதே கம்பியைத் திருப்பிப் பிடித்தால் பிகார்ட் வழியாகப் போர்க்குக்குள்ளும் நுழையலாம். கப்பலின் ஆண்ட்ராய்ட் அதிகாரி டேட்டா நுழைந்து 'தூங்கு' என்ற கட்டளையைப் போடுகிறார். தர்க்கம் சரியாக உட்காருகிறது. ஆனால் முதல் பாகத்தின் இறுக்கம் இதில் இல்லை. ரைக்கரிடம் தேர்ந்தெடுக்க அதற்குமேல் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை என்பதே காரணம்.

* * *

மாடல் கட்டுபவர்களுக்கு இந்த எபிசோட் தனிப் பாடம். வோல்ஃப் 359 என்ற இடத்தில் போர்க் ஒரு கப்பற்படையையே அழித்த சண்டையை அவர்கள் காட்டவேயில்லை. என்டர்பிரைஸ் போய்ச் சேரும்போது மிதப்பது சிதிலங்கள் மட்டும். அந்தச் சில நொடிகளுக்காகக் அப்போது கடையில் கிடைத்த ஏஎம்டி எர்ட்டில் பிளாஸ்டிக் கிட்டுகளை வெட்டி ஒட்டிப் புதுக் கப்பல்கள் செய்தார்கள். கியூஷு கப்பலின் மேலும் கீழும் ஒட்டியிருக்கும் உருளைகள் ஹைலைட்டர் பேனாக்கள். அவாநீ கப்பலின் நான்கு இயந்திரக் குழல்களும் அதே ஜாதிதான். பிறகு எல்லாவற்றையும் உருக்கி, கிழித்து, கருக்கிப் படம் பிடித்தார்கள்.

இதைத் திரும்பச் செய்கிறவர்கள் வழுக்கி விழும் இடங்கள்:

ஹைலைட்டர் உடல் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன். கிட்டின் பாலிஸ்டைரீனுக்கான பசை அதைக் கரைக்காது, அதனால் ஒட்டாது. 240-ஆம் நம்பர் உப்புத்தாளால் நன்றாகச் சொரசொரப்பாக்கி, உள்ளே ஒரு பித்தளைக் கம்பியைக் குத்தி, இருபகுதி எபாக்ஸியில் ஒட்ட வேண்டும். பிளாஸ்டிக்குக்கான பிரைமர் அடிக்காவிட்டால் பெயின்ட் தோல் உரிவது போல வந்துவிடும். பேனாவின் பஞ்சையும் மையையும் முதலிலேயே எடுத்துக் கழுவுங்கள். விட்டால் சில வாரத்தில் மஞ்சள் மை தையல் வழியே கசியும்.

அடுத்தது தடிமன். இந்தத் தொடரின் கப்பலான என்டர்பிரைஸ் டி கிட்டின் அளவு 1:1400. கிட் சுவர் 2 மிமீ என்றால் அது 2.8 மீட்டர் கனமான கப்பல் தோல். ஓட்டை போட்டதும் மண்சட்டி உடைந்தது போலத் தெரிவது இதனால்தான். கிழியவேண்டிய இடத்தை உள்பக்கமிருந்து 0.5 மிமீ வரை சுரண்டிவிட்டுப் பிறகு வெளியிலிருந்து உடைக்க வேண்டும். உள்ளே தளங்கள் தெரிய மெல்லிய ஸ்டைரீன் தாள்களை அடுக்கினால் போதும். பாலிஸ்டைரீன் 100 டிகிரி செல்சியஸ் பக்கத்தில் இளகிவிடும். ஹீட் கன்னைக் கிட்டே கொண்டுபோனால் உலோகம் கிழிந்த மாதிரி இருக்காது, மெழுகு வழிந்த மாதிரி இருக்கும். கிழிசலுக்குக் கத்தி, வளைவுக்கு மட்டும் சூடு. புகை நல்லதல்ல, ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

ஜன்னல் அளவையும் மறக்கக்கூடாது. என்டர்பிரைஸ் கிட்டின் தட்டுப் பகுதியை எடுத்துச் சின்னக் கப்பல் என்று சொல்லும்போது பழைய ஜன்னல்கள் அப்படியே இருந்தால் கணக்கு உதைக்கும். அடைத்துவிட்டுப் பெரிதாகப் போடுங்கள்.

* * *

மெல்பர்ன் கப்பலைக் கட்டுகிறவர்களுக்கு ஒரு திருத்தம். இந்த எபிசோடின் சிதிலத்தில் அது நெபுலா வகை. 1993 ஜனவரியில் 'டீப் ஸ்பேஸ் நைன்' முதல் எபிசோடில் இதே சண்டையைக் காட்டியபோது அதே பெயர் எக்ஸெல்சியர் வகைக் கப்பலில் வந்தது. எதைக் கட்டினாலும் ரசிகர்களிடம் வாக்குவாதம் உண்டு. அந்தச் சண்டையில் போனது 39 கப்பல், கிட்டத்தட்ட 11,000 உயிர் என்ற கணக்கு அடுத்த சீசனின் 'தி டிரம்ஹெட்' எபிசோடில் வருவது. வோல்ஃப் 359 நிஜ நட்சத்திரம்: சிம்ம ராசி மண்டலத்தில், ஏறத்தாழ 7.9 ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் சிவப்புக் குள்ளன். வெறுங்கண்ணுக்குத் தெரியாது.

* * *

லொக்யூட்டஸ் தலைக்கவசத்தின் பக்கவாட்டில் இருக்கும் சிவப்பு ஒளி நிஜ லேசர். பிகார்ட் முகம் திரும்பும்போது அது நேரே லென்ஸில் அடிக்கும். அந்த ஷாட்டின் திகில் பாதி அதில்தான். 1990-இல் படம் பிடித்தது 35 மிமீ ஃபிலிமில். இன்றைய டிஜிட்டல் கேமராவில் இதைச் செய்யாதீர்கள், சென்சாரில் நிரந்தரமாகக் கோடு விழும், கண்ணுக்கும் ஆபத்து. சிவப்பு எல்இடி முன்னால் ஒரு சிறு குவிலென்ஸ் வைத்தாலே கேமராவுக்கு அதே குத்தல் கிடைக்கும். கதிர் காற்றில் தெரிய வேண்டுமென்றால் அறையில் லேசான புகைமூட்டம் வேண்டும். புகை இல்லாமல் எந்தக் கதிரும் தெரியாது.

* * *

இசை ரான் ஜோன்ஸ். இந்தத் தொடரில் இசை அடங்கியே இருக்கவேண்டும் என்பது தயாரிப்பாளர்களின் விருப்பம், இவர் அடங்கவில்லை. போர்க்குக்கான கோரஸ் ஒலி, கடைசியில் ஏறிக்கொண்டே போகும் பித்தளை வாத்தியங்கள், இரண்டும் இல்லாமல் அந்த முடிவை ஒருமுறை சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். 1991-இல் இது தனி ஆல்பமாகவே வந்தது.

* * *

முதல்முறை பார்ப்பவர்கள் வட்டு வாங்கும்போது கவனிக்கவும். 2013-இல் வந்த தனி புளூரேயில் இரண்டு பாகத்தையும் ஒரே படமாகத் தைத்துவிட்டார்கள். ஒளித்தரம் அபாரம், மூல ஃபிலிமிலிருந்தே மறுபடி எடுத்தது. ஆனால் ரைக்கர் உத்தரவு கொடுத்த கையோடு அடுத்த காட்சி வந்துவிடும், 'தொடரும்' இருக்காது. மூன்றாம், நான்காம் சீசன் தொகுப்புகளில் தனித்தனியாக இருக்கிறது, அதில் பாருங்கள். நடுவே ஒரு வாரமாவது இடைவெளி விடுங்கள். இரண்டாம் பாகம் முடிந்ததும் 'ஃபேமிலி' எபிசோடையும் விடாமல் பார்த்துவிடுங்கள். பிகார்ட் உடைந்து அழுவது அங்கேதான்.