மூன்று ஊசி, ஐந்து கட்டணம்: உங்களுக்கும் இப்படி வந்ததா?

எடிசன்_அம்மா:
பாப்பாவுக்கு ஒரு வயசு செக்கப். எம்எம்ஆர், சின்னம்மை, ஹெபடைடிஸ் ஏ. மூன்றே ஊசிதான், காலைப் பிடித்துக்கொண்டு இருந்ததே நான். இன்சூரன்ஸ்காரன் அனுப்பிய இஓபியில் (கிளினிக் எதற்கெல்லாம் பணம் கேட்டது என்ற கணக்குத் தாள்) மருந்து விலை தனி. அதுபோக ஊசி போட்டதற்கான பில்லிங் கோட்கள்: 90460 மூன்று, 90461 இரண்டு. கிளினிக்கில் கேட்டால் "கவுன்சிலிங்" என்றார்கள். டாக்டர் சொன்னது, "ஒரு வாரம் கழித்துக் காய்ச்சல் வரலாம், பயப்படாதீர்கள்." அவ்வளவுதான். கையிலிருந்து ஒரு டாலரும் போகவில்லை, ஆனாலும் உறுத்துகிறது.

சென்னை_நைட்ஷிப்ட்:
அமெரிக்க கிளினிக்குகளின் சார்ட்டைப் (டாக்டர், நர்ஸ் எழுதும் குறிப்பு) பார்த்து பில்லுக்குக் கோட் போடுவது என் வேலை. கணக்கு சரிதான் அக்கா. எம்எம்ஆர் ஒரே ஊசி, உள்ளே தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா. முதலாவதுக்கு 90460, மற்ற இரண்டுக்கும் 90461. சின்னம்மைக்கும் ஹெபடைடிஸ் ஏ-வுக்கும் ஒவ்வொரு 90460. டாக்டர் கவுன்சிலிங் தந்தால்தான் இந்தக் கோட்கள். 2011-இலிருந்து இதுதான் முறை. காய்ச்சல் பற்றிச் சொன்னாரே, அதுவே கவுன்சிலிங். நிமிடக் கணக்கு கிடையாது.

என்னை உறுத்துவது வேறு. ஒரு சார்ட்டில் நர்ஸ் கையெழுத்து மட்டும். டாக்டர் பேசியதாக ஒரு வார்த்தை இல்லை. அப்படியானால் கவுன்சிலிங் இல்லாத ஊசிக்கான 90471, 90472தான் போட முடியும். விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்பினேன். மறுநாள் ராத்திரி அதே சார்ட் வந்தது. "பெற்றோரிடம் விளக்கப்பட்டது" என்று ஒரு வரி புதிதாக முளைத்திருந்தது. டீம் லீட், "நோட்டில் இருக்குல்ல, போடு" என்றார்.

டாலஸ்_அப்பா:
நிமிடக் கணக்கு இல்லை என்று சாதாரணமாகச் சொல்கிறீர்கள் தம்பி, அந்த ஓட்டையில்தான் எல்லாம் நடக்கிறது. என் பையனுக்கு ஃப்ளூ ஊசி போட்டது நர்ஸ், டாக்டர் முகத்தையே பார்க்கவில்லை. வந்தது 90460. சண்டை போட்டு மாற்ற வைத்தேன்.

எடிசன் அம்மா, நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். 90461-ஐ விடுங்கள். இன்சூரன்ஸின் நெட்வொர்க்குக்குள் இருக்கும் டாக்டர் என்றால், அட்டவணைப்படி போடும் ஊசிக்குப் பெரும்பாலான பிளான்களில் கோ-பே (நம் கையிலிருந்து கட்டும் பங்கு) கிடையாது. பணம் போவது வேறு இடத்தில். செக்கப்புக்குப் போன இடத்தில் "டாக்டர், காதைப் பிடித்து இழுக்கிறாள், கொஞ்சம் பாருங்கள்" என்பீர்கள். அவர் பார்த்து மருந்து எழுதுவார். அதே நாளில் தனியாக இன்னொரு பரிசோதனையும் நடந்தது என்று காட்டும் 25 மாடிஃபையரை (கோடோடு சேர்க்கும் குறி) ஒட்டித் தனி விசிட் ஆக்கிவிடுவார்கள். அதற்குக் கோ-பே வரும். அப்புறம், இன்சூரன்ஸ் இல்லாத சொந்தக்காரர்கள் இருந்தால், குழந்தைகளுக்கு இலவசத் தடுப்பூசி மருந்து தரும் அரசுத் திட்டமான விஎஃப்சி பற்றிச் சொல்லுங்கள். 1994-இலிருந்து இருக்கிறது. மருந்துக்குக் காசு வாங்கக்கூடாது. ஊசி போடும் கட்டணத்தைக் கட்ட முடியவில்லை என்பதற்காகத் திருப்பி அனுப்பவும் கூடாது.

ராலே_ஸ்ரீ:
எங்களுக்குத் தலைகீழ். மகள் காலேஜ் போகுமுன் மெனிஞ்சைடிஸ் பி ஊசி. போடலாமா வேண்டாமா என்பது டாக்டரும் நீங்களும் பேசி முடிவெடுப்பது என்பதால் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அவளிடமே எல்லாவற்றையும் விளக்கினார். கிளெய்ம் நிராகரிக்கப்பட்டது. 90460 பதினெட்டு வயது வரைதானாம். அவளுக்கு முந்தின வாரம்தான் 19 முடிந்திருந்தது. 90471 என்று மாற்றி அனுப்பினார்கள். அத்தனை நேரம் பேசியதற்கு ஊசிக் கணக்கில் அவருக்கு ஒரு சென்ட் கிடையாது.