மூன்று ரெப்போவை ஒன்றாக்கி இன்ஸ்டாலர் கட்டலாமா?

பாயான்லெப்பாஸ்_பையன்:
பினாங்கில் கடைகளுக்குக் கல்லா மென்பொருள் செய்கிறோம். கல்லா நிரல், வரி அட்டவணை, ரசீது பிரிண்டர் கருவி என்று கிட்டில் (நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) மூன்று ரெப்போ, அதாவது நிரலும் அதன் மாற்ற வரலாறும் இருக்கும் களஞ்சியம். நான்காவதாக இன்ஸ்டாலர் ரெப்போ; அது மற்ற மூன்றையும் சப்மாடியூலாக (வேறு ரெப்போவின் குறிப்பிட்ட ஒரு நிலையைச் சுட்டும் இணைப்பு) இழுத்து, இன்னோ செட்டப் என்ற இன்ஸ்டாலர் கட்டும் கருவியில் ஒரே கோப்பாகக் கட்டும். 2024 மார்ச்சில் சேவை வரி 6 விழுக்காட்டிலிருந்து 8 ஆனபோது வந்தது வினை. உணவுக்கு 6-தான் என்பதைக் கவனிக்காமல் எல்லாவற்றுக்கும் 8 போட்டுவிட்டோம். மறுநாளே திருத்தினோம். ஆனால் இன்ஸ்டாலர் வரி அட்டவணையின் பழைய கமிட்டையே (பதிந்து வைத்த நிலையையே) பிடித்துக்கொண்டு நின்றது. லிட்டில் இந்தியா பக்கம் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் பில்லுக்குப் பில் 8. கடைக்கார அண்ணன் போனில் பேசியதை இங்கே எழுத முடியாது. நாலையும் ஒரே ரெப்போவாக மெர்ஜ் செய்துவிடலாம் என்கிறேன். தப்பா?

செந்தூல்காரன்:
தப்புதான் தம்பி. சொன்ன கமிட்டில் நிற்பதுதான் சப்மாடியூலின் வேலை. அது நின்றது, நகர்த்த மறந்தது நீங்கள். இன்னோ செட்டப்புக்குக் கோப்புறை எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதும், ரெப்போ ஒன்றா நாலா என்று அது கேட்பதே இல்லை. மறதிக்காக வீட்டை இடித்துக் கட்டுவார்களா?

ஆயர்ஈத்தாம்_அக்கா:
மறதி யாருக்கு இல்லை? வரி விகிதத்தில் ஒரு திருத்தத்துக்கு அட்டவணையில் ஒரு கமிட், இன்ஸ்டாலரில் இன்னொரு கமிட். இரவு பதினொரு மணிக்கு இரண்டாவதை யார் நினைவில் வைத்திருப்பார்? நாங்கள் ஒன்றாக்கிவிட்டோம். ஒவ்வொரு ரெப்போவையும் புதிதாக க்ளோன் செய்து (நகலெடுத்து), வரலாற்றையே திருத்தி எழுதும் ஃபில்டர்-ரெப்போ கருவியால் அதனதன் கோப்புறைக்குள் தள்ள வேண்டும். பழைய க்ளோனில் ஓட்டினால் அது மறுத்துவிடும், அதுவும் நல்லதற்கே. அப்புறம் மெர்ஜ். தொடர்பில்லாத வரலாறுகளை கிட் 2.9-இலிருந்து (2016) தானாகச் சேர்க்காது, ‘அலவ் அன்ரிலேட்டட் ஹிஸ்டரீஸ்’ என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். முக்கியமாக டேக், அதாவது ஒரு கமிட்டுக்கு வைக்கும் பெயர். எல்லா ரெப்போவிலும் ‘வி1.0’ இருக்கும், சேர்ப்பதற்கு முன்பே ‘கல்லா-வி1.0’, ‘வரி-வி1.0’ என்று பெயர் மாற்றாவிட்டால் ஒன்றோடொன்று முட்டும்.

செந்தூல்காரன்:
அக்கா, ஒன்றை விட்டுவிட்டீர்கள். ஃபில்டர்-ரெப்போ ஓடினால் கமிட் எண்ணெல்லாம் மாறிப்போகும். ‘இந்தப் பிழை இந்த கமிட்டில் சரியானது’ என்று பழைய புகார்களில் எழுதி வைத்ததெல்லாம் செல்லாக்காசு.

ஆயர்ஈத்தாம்_அக்கா:
உண்மைதான். எண் மாறக் கூடாதென்றால், பழைய கமிட்டுகளைத் தொடாமல் ஒரு ரெப்போவைக் கோப்புறையாகச் சேர்க்கும் சப்ட்ரீ இருக்கிறது. ஆனால் அதில் புதுக் கோப்புறைக்குள் ஒரு கோப்பின் லாக் (மாற்றங்களின் பட்டியல்) கேட்டால், மெர்ஜோடு கதை நின்றுவிடும். அதற்கு முந்தியது பழைய பாதையில் கிடக்கும். எனக்கு எண்ணைவிட லாக் முக்கியம். பழைய ரெப்போக்களைப் படிக்க மட்டும் என்று பூட்டி வைத்திருக்கிறோம், எண் தேடுகிறவர் அங்கே போகட்டும்.

கோப்பி_ஓ:
இரண்டும் வேண்டாமே பாஸ். இன்ஸ்டாலரில் ஒரு சிறு கோப்பு, ரெப்போவுக்கு ஒரு வரியாக மூன்று வரி: எந்த ரெப்போ, எந்த டேக். பில்டு ஸ்கிரிப்ட் (இன்ஸ்டாலரைக் கட்டும் சிறு நிரல்) அதைப் படித்து இழுக்கட்டும்.

செந்தூல்காரன்:
பழைய கள்ளு, புது மொந்தை. அந்தக் கோப்பைத் திருத்த மறந்தால் மறுபடியும் 8 விழுக்காடுதான். அதோடு டேக்கை யாரும் வேறு கமிட்டுக்கு நகர்த்திவிடலாம், சப்மாடியூலில் அது நடக்காது. என் வழி இதுதான்: சப்மாடியூல் அதனதன் மெயின் பிராஞ்சுக்கு (புதிய திருத்தங்கள் சேரும் முதன்மைக் கிளை) பின்தங்கியிருந்தால் பில்டு அங்கேயே நிற்க வேண்டும். பத்து வரி ஸ்கிரிப்ட்.

பாயான்லெப்பாஸ்_பையன்:
ஒன்று சொல்ல மறந்தேன். பிரிண்டர் கருவியை எங்கள் கிளினிக் மென்பொருளும் எடுக்கிறது. வரி அட்டவணை கல்லாவுக்கு மட்டும்தான்.

ஆயர்ஈத்தாம்_அக்கா:
ஐயோ, இதை முதலிலேயே சொல்லக் கூடாதா! பிரிண்டரைத் தொடாதே. உள்ளே இழுத்தால் இரண்டு பிரதி, இரண்டு இடத்தில் திருத்தம். கல்லா, வரி, இன்ஸ்டாலர் மூன்றையும் சேர்.

செந்தூல்காரன்:
அந்தப் பிரிண்டருக்கு என் பத்து வரி ஸ்கிரிப்டைப் போட்டுக்கொள். மற்ற மூன்றும் உன் பாடு, எனக்கு இன்னும் சம்மதமில்லை.

பாயான்லெப்பாஸ்_பையன்:
சரி. சனிக்கிழமை ஒரு நகலில் ஓட்டிப் பார்க்கிறேன். டேக் மட்டும் நாற்பதுக்கு மேல் இருக்கிறது.